தாச்சிவா சீனாவுக்குப் போன விஷயம்

எங்கள் ஊர் டெச்சிமான் சந்தையில் தாச்சிவாவைத் தெரியாதவர்கள் இல்லை. அப்படி யாராவது இருந்தால், அவளே போய்த் தெரியப்படுத்திக்கொண்டுவிடுவாள். நல்ல உயரம், அதைவிட நல்ல குரல். மரவள்ளிக் கிழங்கைத் துருவிப் பிழிந்து, வாணலியில் நொறுநொறுவென்று வறுத்து, காரி என்று மூட்டை கட்டி விற்கிற எங்கள் பெண்கள் சங்கத்தில் யாருக்குள் சண்டை வந்தாலும் பேசித் தீர்த்துவைப்பவள் அவள்தான். பேசுவதற்கென்றே பிறந்தவள் என்று அவள் கணவன் பெருமையாகவும் சொல்வான், தலையில் கை வைத்துக்கொண்டும் சொல்வான். அப்படிப்பட்டவள் சீனாவுக்குப் போய், போன காரியத்தைப் பற்றி மூச்சு விடாமல் நாள் கணக்கில் உட்கார்ந்திருந்தாள் என்றால் நம்பக் கஷ்டமாகத்தான் இருக்கும். எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது.

எல்லாவற்றுக்கும் காரணம் ஓர் இயந்திரம். சங்கத்துப் பெண்கள் எல்லாரும் சேர்ந்து சீனாவிலிருந்து வறுக்கும் இயந்திரம் ஒன்றைத் தருவித்தோம். படத்தைப் பார்த்து "இதுதான் நமக்கு" என்று விரல் வைத்துக் காட்டியவள் தாச்சிவா. லாரியிலிருந்து அதைப் பாட்டுப் பாடி இறக்கினோம். பிழிந்த மாவைக் கொட்டி ஓட விட்டதும் பாட்டு நின்றுவிட்டது. வந்தது காரி இல்லை. வெளியே கருகி, உள்ளே சொதசொதவென்று, உருண்டை உருண்டையாக ஏதோ வந்து விழுந்தது. வாசலில் நின்ற ஆடு மோந்து பார்த்துவிட்டு மரியாதையாகப் போய்விட்டது.

அன்றைக்கு மற்றவர்கள் திட்டியதெல்லாம் தாச்சிவாவைச் சுடவில்லை. திட்டாமல் போனவள் ஒருத்திதான் சுட்டாள். அது அவளுடைய கூடப்பிறந்த அக்கா டுஃபியே. சிறு பெண்ணாக இருந்த காலம் தொட்டு விறகடுப்பின் முன்னால் உட்கார்ந்து காரி வறுத்து, டுஃபியேயின் கண்கள் பாதி போய்விட்டன. புகையை விட்டால் மிச்சப் பார்வை நிற்கும், விடாவிட்டால் அதுவும் போகும் என்று டாக்டர் சொல்லியாகிவிட்டது. "மிஷின் வரட்டும், அன்னிக்கே அடுப்பை விட்டுடறேன்" என்று அவளும் வாக்குக் கொடுத்திருந்தாள். மிஷின் வந்தது. மறுநாள் காலை அவள் பழையபடி விறகைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

"நீ என்னடி பண்ணுவே? படத்துல எல்லாமே நல்லாத்தான் இருக்கும்" என்றாள், தங்கையின் முகத்தைப் பார்க்காமல்.

சீனாவுக்கு நேரில் போவதென்று அன்றைக்கே தாச்சிவா தீர்மானித்துவிட்டாள். போனில் சொன்னால் போதாதா என்று சங்கத்தில் கேட்டதற்கு, "ஒருத்தர் செஞ்ச வேலையில குறை இருக்குன்னு போன்லயா சொல்றது? அவர் வாசலுக்குப் போய், அவர் குடுக்கற தண்ணியக் குடிச்சிட்டுச் சொல்லணும்" என்றாள். அதனால் இயந்திரத்தைச் செய்த தொழிற்சாலைக்குப் போன செய்தியில் ஒரே ஒரு விஷயம்தான் இருந்தது: தாச்சிவா வருகிறாள். எதற்கு என்று இல்லை.

குவாங்சோவில் அவளை எதிர்கொண்டவள் பிராகோ. எங்கள் நாட்டுக் கடற்கரை ஊரான கேப் கோஸ்ட்டுக்காரி. அந்த ஊரில் நம்மவர்களுக்கெல்லாம் தலை பின்னிவிட்டுப் பிழைக்கிறவள். வாடிக்கைக்காரிகளோடும் வீட்டுச் சொந்தக்காரனோடும் மல்லுக்கட்டியே சீனம் கற்றுக்கொண்டவள் என்பதால் அவளுடைய சீனத்தில் கெஞ்சலும் உண்டு, மிரட்டலும் உண்டு. மொழிபெயர்க்கக் கூடவே வர ஒப்புக்கொண்டாள். ஹெனான் பக்கம் போகும் வேக ரயிலில் இருவரும் ஏறினார்கள். ஏறியதும் தாச்சிவா கைப்பையைத் தோளில் சரிசெய்துகொண்டு, வலப்பக்கத்து முதல் இருக்கையிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொருவருக்கும் கைகொடுக்கத் தொடங்கினாள்.

"அக்கா, இது ரயிலு. இங்க யாரும் யாருக்கும் வணக்கம் சொல்ல மாட்டாங்க" என்று பிராகோ அவள் துணியின் நுனியைப் பிடித்து இழுத்தாள்.

"அதனாலதான் எல்லாம் இழவு வீட்டுல உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருக்குதுங்க. நீ விடு."

டிக்கெட் பார்க்கும் பெண் ஓடி வந்தாள். அவளுக்கும் ஒரு கைகுலுக்கல் கிடைத்தது. பெட்டியின் கடைசிக்குப் போய்ச் சேருவதற்குள் ஒரு கிழவர் ஆரஞ்சு கொடுத்திருந்தார், ஒருத்தி வறுத்த சூரியகாந்தி விதை கொடுத்திருந்தாள், இன்னொருத்தி தன் கைக்குழந்தையையே மடியில் கொடுத்துவிட்டுக் கை கழுவப் போயிருந்தாள். சீனாவில் பட்டினி கிடக்க வேண்டியிருக்கும் என்று பயந்து டெச்சிமானிலிருந்து ஒரு ஜாடி மிளகாய்த் தொக்கு கொண்டுபோயிருந்தாள் தாச்சிவா. அதை வெளியில் எடுக்கவே வேளை வரவில்லை.

தொழிற்சாலை வாசலில் வரவேற்க ஒரு வரிசை நின்றது. இடது கோடியில் முதலாளி கெங், பக்கத்தில் அவர் மனைவி ஷாவ், அப்புறம் கணக்கு எழுதுபவர், இயந்திரம் பொருத்தும் மூத்த தொழிலாளி பாங், சமையல்காரர், வலது கோடியில் காவல்காரர். நம் ஊரில் வலப்பக்கத்திலிருந்துதான் கைகொடுத்துக்கொண்டு போவோம். ராஜாவே உட்கார்ந்திருந்தாலும் அவர் முறை வரும்வரை பேசாமல் இருக்க வேண்டியதுதான். தாச்சிவா காவல்காரரிடம் ஆரம்பித்தாள். அவருக்கு மூச்சே நின்றுவிட்டது. கெங் நீட்டிய கையை மடக்கினார், மறுபடி நீட்டினார், மறுபடி மடக்கினார். கடைசியில் அவர் முறை வந்தபோது அந்தக் கை வியர்த்திருந்தது.

உள்ளே கூட்டிப்போய் நல்ல நாற்காலியில் உட்காரவைத்தார்கள். சுடச்சுடத் தேநீர் வந்தது. தாச்சிவா இரண்டு வாய் குடித்துவிட்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டு, கெங்கின் முகத்தைப் பார்த்தாள். தண்ணீர் கொடுத்தாகிவிட்டது. இனி வீட்டுக்காரர்தான், "இங்கே எல்லாரும் சுகம், நடந்து வந்தது நீங்கள், சொல்லுங்கள்" என்று கேட்க வேண்டும். கேட்ட பிறகு வந்தவள் சொல்லுவாள். வேறு எப்படி ஒரு காரியத்தை ஆரம்பிப்பது?

கெங் சிரித்தார். கோப்பையை நிரப்பினார். தாச்சிவா குடித்தாள். மறுபடி நிரப்பினார். கொடுத்ததை மிச்சம் வைக்கக் கூடாது என்று அவளும் குடித்துக்கொண்டே இருந்தாள், குறைந்த கோப்பையைச் சும்மா விடக் கூடாது என்று அவரும் ஊற்றிக்கொண்டே இருந்தார். கேள்விதான் வரவில்லை. ஒரு கட்டத்தில் தாச்சிவா எழுந்து, கழிப்பறை எங்கே என்று பிராகோவிடம் கேட்டாள். முதல் நாள் பேச்சுவார்த்தை அத்தோடு முடிந்தது.

"அக்கா, நீங்களே சொல்லிடுங்களேன். இவங்களுக்கு நம்ம பழக்கமெல்லாம் தெரியாது" என்றாள் பிராகோ விடுதியில்.

"கேக்காம நானா சொன்னா அது சண்டைடி. அவர் கேட்டு நான் சொன்னா அது விஷயம். சண்டைக்காரியா நின்னா அவர் தன் மிஷினுக்குப் பரிஞ்சுதான் பேசுவார். அப்புறம் எங்க அக்கா கண்ணு என்ன ஆகறது?"

"அப்ப நான் லேசாக் காதுல போடட்டுமா?"

"நான் குடுத்த வார்த்தையத்தான் நீ அங்க வெக்கணும். குடுக்காத வார்த்தைய வெச்சா, உன்னோட பேச்சை இத்தோட விட்டுடுவேன்."

பிராகோ வாயைக் கோணலாக்கிக்கொண்டு திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மறுநாளிலிருந்து கெங் விருந்தாளியை ஊர்வலம் கொண்டுபோக ஆரம்பித்தார். அவருக்கு இருந்த அவசரத்தைப் பார்த்தால், அவள் உட்கார்ந்துவிட்டால் ஏதாவது நடந்துவிடும் என்று பயந்தவர் போல இருந்தது. கோயிலுக்குப் போனார்கள். நூடுல்ஸ் இழுப்பதைப் பார்க்கப் போனார்கள். மதிய விருந்தில் முழு மீன் ஒன்றை, தலை தாச்சிவாவைப் பார்க்கும்படி வைத்தார்கள். மரியாதைக்காக அப்படி வைப்பார்களாம், விருந்தாளி சும்மா தொட்டு ஆரம்பித்துவைக்க வேண்டுமாம். தாச்சிவாவுக்கு மீன் தலை என்றால் உயிர். தட்டை இழுத்து முன்னால் வைத்துக்கொண்டு, கன்னம், மூளை, கண் என்று ஒன்றுவிடாமல் உறிஞ்சி, எலும்பைச் சுத்தமாக வரிசையாக அடுக்கிவைத்தாள். மேஜையைச் சுற்றி இருந்தவர்கள் கைதட்டினார்கள். சமையல்காரர் உள்ளே போய் இன்னொரு மீன் தலையோடு வந்தார்.

இன்னொரு நாள் அவர்கள் சாப்பிடப் போன ஹோட்டலில் யாருக்கோ கல்யாணம். எங்கள் ஊர்த் துணியில், தலைக்கட்டோடு, அவ்வளவு உயரமாக ஒருத்தி நுழைந்ததைப் பார்த்ததும் மணப்பெண்ணே எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். புகைப்படக்காரன் தாச்சிவாவைப் பெண்ணுக்குப் பக்கத்தில் நிறுத்தினான், மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் நிறுத்தினான், கடைசியில் மாப்பிள்ளையைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னான். அந்தப் பெண் ஒரே மகளாம், அவள் தாய் அழுதுகொண்டிருந்தாள். தாச்சிவா தன் கைக்குட்டையை எடுத்துக் கொடுத்துவிட்டு, அவளோடு சேர்ந்து தானும் கொஞ்சம் அழுதாள். ஒரு வார்த்தை புரியாவிட்டாலும் அதற்கெல்லாம் மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை.

மாலை வேளைகளில் ஷாவ் அவளைக் கைபிடித்து ஊர்ச் சதுக்கத்துக்குக் கூட்டிப்போவாள். அங்கே பெண்கள் ஒலிபெருக்கியில் பாட்டுப் போட்டுக்கொண்டு வரிசை வரிசையாக ஆடுவார்கள். பேரன் பேத்தி எடுத்தவர்கள்கூட ஒருத்தரும் வெட்கப்படவில்லை. தாச்சிவா பின்வரிசையில் சேர்ந்தாள். அவர்கள் வலது பக்கம் போனால் இவள் இடது பக்கம் போவாள், எதிரே வருபவள் மேல் மோதுவாள், இருவரும் சிரிப்பார்கள். இரண்டு மாலைக்குள், எங்கள் நடனத்தில் கையைப் புரட்டிப் புரட்டிக் காட்டுகிற மாதிரி பின்வரிசை முழுவதும் புரட்ட ஆரம்பித்தது. ஷாவுக்கு அது மிகவும் பிடித்துப்போய், அடுக்களையில் பாத்திரம் கழுவும்போதுகூடக் கையைப் புரட்டினாளாம்.

இவ்வளவு அன்பையும் வாங்கிக்கொண்டு, விடுதிக்குத் திரும்பி வந்தால் தாச்சிவாவுக்குச் சாப்பிட்டது செரிக்கவில்லை. தினமும் டுஃபியேயிடமிருந்து அழைப்பு வரும். குரலுக்குப் பின்னால் விறகு வெடிக்கிற சத்தம் கேட்கும். நடுநடுவே இருமல் கேட்கும்.

"சொல்லிட்டியாடி?"

"இன்னும் கேக்கலக்கா."

"நல்ல மனுஷங்களா?"

"ரொம்ப நல்ல மனுஷங்க. அதுதான் கஷ்டமா இருக்கு."

திரும்ப வேண்டிய நாள் வந்தது. மத்தியானம் ரயில். பெட்டிகள் காரில் ஏறிவிட்டன. கெங்கின் அறையில் கடைசித் தேநீர். பிராகோ கண்ணாலேயே கெஞ்சினாள். தாச்சிவாவின் தொண்டை வரைக்கும் வந்தது, வாய்க்கு வரவில்லை. இத்தனை நாளில் கேட்காதவர் கேட்க விரும்பாதவர்தான், விரும்பாத வீட்டில் விஷயத்தைத் திணித்துவிட்டுப் போவதில் பலனில்லை என்று மனசைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தாள். தேறவில்லை. அக்காவிடம் என்ன சொல்லப்போகிறோம் என்று நினைத்தபோது கண் நிறைந்தது. ஆனாலும் விருந்து உண்ட வீட்டிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் எழுந்து போக அவளுக்குத் தெரியாது. எழுந்து நின்றாள். துணியை இழுத்துச் சரிசெய்துகொண்டாள்.

"பிராகோ, ஐயாகிட்ட நான் வழி கேக்கறேன்னு சொல்லு."

பிராகோ சொன்னாள். கெங்குக்குப் புரியவில்லை. "வழியா? கார் வாசல்லயே நிக்குது. டிரைவருக்கு ஸ்டேஷன் தெரியுமே" என்றார்.

"அது இல்லீங்க. அவங்க ஊர்ல வீட்டுக்காரர் வழி குடுத்தாத்தான் விருந்தாளி கிளம்ப முடியும். உங்க உத்தரவு கேக்கறாங்க."

கெங் கையிலிருந்த தேநீர்ப் பானையைக் கீழே வைத்தார். அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது, வந்த வேகத்திலேயே போய்விட்டது. மனைவியைப் பார்த்தார். தாச்சிவாவைப் பார்த்தார்.

"போறாங்களா? இவ்வளவு தூரம் வந்துட்டு, ஒண்ணுமே சொல்லாமப் போறாங்களா?" என்றார். பிறகு கேட்டுவிட்டார். "அம்மா, நீங்க எதுக்காக வந்தீங்க?"

பிராகோ அதை மொழிபெயர்த்தாள். தாச்சிவா மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"இன்னொரு தடவ சொல்லு. ஒண்ணும் விட்டுடாம சொல்லு."

"நீங்க எதுக்காக வந்தீங்கன்னு கேக்கறாருக்கா."

அதன் பிறகு எங்கள் தாச்சிவாவை யாரால் நிறுத்த முடியும்? ஆரம்பத்திலிருந்து ஆரம்பித்தாள். இயந்திரத்தைப் பாட்டுப் பாடி இறக்கியதைச் சொன்னாள். ஆடு மோந்துவிட்டுப் போனதைச் சொன்னாள், காவல்காரர்கூட ஜன்னல் வழியாகச் சிரித்தார். இயந்திரத்தில் தப்பு இருக்கிறது என்று அவள் ஒரு முறைகூடச் சொல்லவில்லை. "உங்க மிஷினும் எங்க மாவும் இன்னும் ஒண்ணை ஒண்ணு சரியாப் பாத்துக்கல" என்றாள். கடைசியில் அக்காவைப் பற்றிச் சொன்னாள். அந்த இடத்தில் மட்டும் குரல் இறங்கிவிட்டது.

கெங் மோவாயைத் தடவிக்கொண்டிருந்தார்.

"நீங்க வர்றீங்கன்னு தெரிஞ்சதுமே மிஷின்ல ஏதோ கோளாறுன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சும்மா" என்றார். "குறை சொல்ல வர்றவங்க வாசல்லயே கத்துவாங்க. நீங்க காவல்காரருக்குக் கை குடுத்தீங்க. எனக்கு என்ன செய்யறதுன்னே தெரியல. எதுக்கு வந்தீங்கன்னு விருந்தாளியக் கேட்டா, எங்க பக்கம் எப்போ போவீங்கன்னு கேட்ட மாதிரி ஆயிடும். அதோட எனக்குப் பயம். அதான் சாப்பாடாப் போட்டுக்கிட்டே இருந்தேன்."

"நல்ல சாப்பாடு" என்றாள் தாச்சிவா.

ஷாவ் முதலில் சிரித்தாள். அதற்கப்புறம் யாராலும் அடக்க முடியவில்லை. ரயில் அவர்களை விட்டுவிட்டுப் போய்விட்டது.

அன்று மத்தியானமே பாங் இதேபோன்ற ஓர் இயந்திரத்தைப் பிரித்துப் போட்டுவிட்டார். அவர்கள் கடலையும் எள்ளும் வறுக்கத்தான் அதைச் செய்துவந்தார்கள், பிழிந்த மரவள்ளி மாவை அந்த ஊரில் யாரும் கண்ணால் பார்த்ததில்லை. சமையல்காரர்தான் யோசனை சொன்னார். தெருமுனையில் சோயாப் பால்கட்டி செய்கிற கடையில் பிழிந்த சக்கை கிடைக்கும், தொட்டால் கிட்டத்தட்ட அந்த மாவு மாதிரிதான் இருக்கும் என்றார். வாளி வாளியாகக் கொண்டுவந்தார்கள். தாச்சிவா பெரிய வாணலியின் முன்னால் உட்கார்ந்து, அழுத்தி, பரப்பி, சுரண்டி, புரட்டி வறுத்துக் காட்டினாள். பாங் பக்கத்தில் குந்திக்கொண்டு அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து போய், சுழலும் துடுப்புகளைக் கழற்றி, அழுத்தித் தேய்த்துக்கொண்டு போகிற மாதிரி ஸ்பிரிங் கம்பி வைத்து வேறு துடுப்புகள் செய்தார். முதல் முறை சக்கை கூரை வரைக்கும் பறந்தது. கெங்கின் தலையெல்லாம் சக்கை. அடுத்த முறை கருகியது. வேகத்தைக் குறைத்தார்கள், தீயைக் குறைத்தார்கள். கடைசியில் ஒரு தடவை, பொலபொலவென்று, மணி மணியாக விழுந்தது. அப்போதுதான் தாச்சிவா மிளகாய்த் தொக்கு ஜாடியைத் திறந்தாள். தொழிற்சாலை முழுக்கச் சக்கையில் தொக்கைப் பிசைந்து தின்றுவிட்டு, கண்ணில் நீர் வழிய இன்னும் கேட்டார்கள்.

அந்த நாட்களில் ஷாவ் அவளை விடுதிக்கு அனுப்பவில்லை. தன் வீட்டிலேயே படுக்கை போட்டுக்கொடுத்தாள். கிளம்பும்போது தாச்சிவா மறுபடி வழி கேட்டாள். பிராகோ கெங்கின் காதில் எதையோ சொல்லிக்கொடுத்திருந்தாள்போல. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "பாதி வழிதான் தருவேன். மீதி இங்கயே இருக்கும், அதுக்காகத் திரும்பி வரணும்" என்றார். ஸ்டேஷன் வரைக்கும் தாச்சிவாவால் பேச முடியவில்லை. அது பிராகோவுக்கு முதல் அதிசயம்.

புதிய துடுப்புகள் டெச்சிமானுக்கு வந்து, பாங் போனில் காட்டிக்கொடுக்க எங்கள் ஊர்ப் பட்டறைக்காரர் பொருத்தியபோது மழை ஆரம்பித்திருந்தது. டுஃபியே வந்து இயந்திரத்தின் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்தாள். வறுக்கிற பெண்கள் எல்லாரும் உட்காருகிற மாதிரியே, முகத்தை ஒரு பக்கம் திருப்பி, கண்ணை இடுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். சக்கரம் சுழன்றது. காரி விழுந்தது, வெள்ளையாக, உதிரி உதிரியாக. நாங்கள் கூச்சல் போட்டதில் கொட்டகை அதிர்ந்தது. அவள் மட்டும் இன்னும் முகத்தைத் திருப்பிக்கொண்டே இருந்தாள்.

"அக்கா, புகை இல்லக்கா. இந்தப் பக்கம் திரும்பு" என்றாள் தாச்சிவா.

அன்றைக்கே கெங்குக்குப் போன் போட்டு எல்லாரும் நன்றி சொன்னோம். மறுநாள் விடிந்ததும் மறுபடி போட்டோம். உதவி வாங்கிக்கொண்டவர் மறுநாள் காலையில் போய் இன்னொரு தடவை நன்றி சொல்லாவிட்டால் அது வாங்கிக்கொண்டதாகவே ஆகாது. குவாங்சோவிலிருந்து பிராகோவும் அதே அழைப்பில் சேர்ந்துகொண்டாள். கெங் அங்கே மத்தியானச் சாப்பாட்டில் இருந்தார். திரையில் அவர் முகமும் அவர் பின்னால் ஷாவின் முகமும் தெரிந்தன.

"நேத்திக்கே சொல்லிட்டாங்களே" என்றார் கெங், வாயில் சோற்றோடு.

"அது நேத்திக்கு. இது இன்னிக்கு" என்றாள் தாச்சிவா.

டுஃபியே போனைக் கேட்டு வாங்கினாள். முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள், கொஞ்சம் தள்ளிப் பிடித்தாள், மறுபடி பக்கத்தில் கொண்டுபோனாள்.

"புருவத்துக்கு மேல ஒரு மச்சம் இருக்கு இல்ல இவருக்கு?" என்றாள்.

இத்தனை நாள் எதிரே உட்கார்ந்து தேநீர் குடித்த தாச்சிவா அதைக் கவனித்ததே இல்லை. எட்டிப் பார்த்தாள். இருந்தது.

"இருக்குக்கா" என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

அந்த அம்மா ஏன் ஒன்றும் பேசாமல் இருக்கிறார், லைன் போய்விட்டதா, வைத்துவிடட்டுமா என்று கெங் கேட்பதாகப் பிராகோ சொன்னாள்.

"வெக்க வேணாம்னு சொல்லு" என்றாள் டுஃபியே. "நான் இன்னும் பாத்துக்கிட்டிருக்கேன்."